சுமை எங்கே போகிறது? எக்ஸோஸ்கெலிட்டன் உடைகள்: ஓர் எளிய விளக்கம்

தரையில் கிடக்கும் 25 கிலோ அரிசி மூட்டையை ஒருவர் குனிந்து தூக்குகிறார். அந்த நொடியில் அவருடைய முதுகுத் தசைகள் எவ்வளவு விசையோடு இழுக்க வேண்டியிருக்கும்? பலரும் 25 கிலோ என்பார்கள், கொஞ்சம் யோசிப்பவர்கள் 40, 50 என்பார்கள். உண்மையில் அது 400 கிலோவைத் தாண்டிவிடும். இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால் போதும். உழைப்பாளிகளுக்கென்று இப்போது விற்பனைக்கு வந்திருக்கும் எக்ஸோஸ்கெலிட்டன் உடைகள் (உடம்புக்கு வெளியே மாட்டிக்கொண்டு தசைகளுக்குத் துணை நிற்கும் சட்டங்கள், சுருக்கமாக எக்ஸோ உடைகள்) எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது பெரும்பாலும் அதிலேயே விளங்கிவிடும்.

கதவைக் கைப்பிடி ஓரத்தில் ஒரு விரலால் தள்ளினாலே நகரும். அதே கதவைக் கீலுக்குப் பக்கத்தில் கை வைத்துத் தள்ளிப் பாருங்கள், இரண்டு கையும் போதாது. நம் முதுகுத் தசைகள் கீலுக்குப் பக்கத்தில் நின்று தள்ளுபவை. குனிந்து நிமிரும்போது அடிமுதுகின் கடைசிக் கணுதான் கீல். முதுகை நிமிர்த்தும் தசைகள் அந்தக் கணுவிலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தள்ளித்தான் இழுக்கின்றன. மூட்டையோ அதே கணுவிலிருந்து அரை மீட்டர் முன்னால் தொங்குகிறது. 25 கிலோவை 50 சென்டிமீட்டரால் பெருக்கி 5 சென்டிமீட்டரால் வகுத்தால் 250 கிலோ வருகிறது. மூட்டைக்கு மட்டும் தசை கொடுக்க வேண்டிய விசை இது.

இதோடு முடியவில்லை. குனியும்போது நம் தலை, கைகள், மார்பு எல்லாமே முன்னால் தொங்குகின்றன. 70 கிலோ எடையுள்ளவருக்கு இடுப்புக்கு மேலே மட்டும் சுமார் 40 கிலோ இருக்கும். அதன் மையம் கணுவிலிருந்து 25 சென்டிமீட்டர் முன்னால் இருப்பதாக வைத்துக்கொண்டால் இன்னொரு 200 கிலோ. ஆக மொத்தம் 450. தசை இழுக்கும் இந்த விசை முழுவதும் கணுக்களுக்கு நடுவே இருக்கும் இடைத்தட்டைத்தான், டாக்டர்கள் டிஸ்க் என்கிறார்களே அதைத்தான், நசுக்குகிறது. அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு நல ஆய்வு நிறுவனமான நியோஷ், அடிமுதுகு இடைத்தட்டின் மீது 3,400 நியூட்டனுக்கு மேல், அதாவது சுமார் 350 கிலோவுக்கு மேல் அழுத்தம் விழாதபடி வேலையை அமைக்க வேண்டும் என்கிறது. எல்லாச் சூழலும் சாதகமாக இருந்தால்கூட ஒருவர் தூக்கும் எடை 23 கிலோவைத் தாண்டக் கூடாது என்று அந்த நிறுவனம் 1991-இல் திருத்திய தன் சூத்திரத்தில் வரம்பு வைத்ததும் இதனால்தான். நம் ஊரில் சிமென்ட் மூட்டை இன்றைக்கும் 50 கிலோ.

அந்த 200 கிலோவைக் கவனியுங்கள். கையில் எதுவுமே இல்லாவிட்டாலும் அது இருக்கிறது. களை பறிப்பவர், நாற்று நடுபவர், குனிந்து தரை துடைப்பவர், படுக்கையில் கிடக்கும் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கும் நர்ஸ் என்று எல்லோரும் தங்கள் உடம்பையே சுமையாகத் தாங்கிக்கொண்டு வேலை செய்கிறார்கள். "மூட்டையா தூக்கினே, இடுப்பு வலிக்குதுங்கிறே" என்று வீட்டில் கேட்பவர்களுக்கு இந்த ஒரு கணக்கைச் சொல்லலாம்.

இது வெறும் தாள் கணக்கும் இல்லை. ஜெர்மனியில் ஆய்வாளர்கள் தன்னார்வலர் ஒருவரின் இடைத்தட்டுக்குள்ளேயே அழுத்தமானியைச் செருகி அளந்து, முடிவுகளை 1999-இல் வெளியிட்டார்கள். சும்மா நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு). 20 கிலோ எடையை முதுகை வளைத்துத் தூக்கும்போது 2.3. அதே எடையை முழங்காலை மடக்கித் தூக்கும்போது 1.7. தூக்கியதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தபோது 1.1. எடை மாறவே இல்லை. கணுவிலிருந்து அது எவ்வளவு தள்ளி இருந்தது, முதுகு எப்படி வளைந்திருந்தது என்பவைதான் மாறின.

பிடிப்பு எப்படி வருகிறது?

தசை வலிக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அதன் தாங்குதிறனை மீறி ஒரே வீச்சில் இழுபடுவது. சட்டென்று "இடுப்பு பிடிச்சுக்கிச்சு" என்கிறோமே, அது பெரும்பாலும் இந்த வகை. மற்றது மெதுவாக வருவது. தசை சுருங்கியபடியே நிற்கும்போது அதனுள் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அழுந்துகின்றன. ரத்தம் போவது குறைந்தால் ஆக்சிஜன் குறைகிறது, கழிவு தேங்குகிறது, தசை சோர்கிறது. ஜெர்மானிய ஆய்வாளர் வால்டர் ரோமெர்ட் 1960-இல் இதை அளந்து காட்டினார். ஒருவர் தன் முழு பலத்தில் பாதியை அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கச் சொன்னால் ஏறத்தாழ ஒரு நிமிடம்தான் தாங்குகிறார். விசை குறையக் குறைய, தாங்கும் நேரம் பல மடங்கு நீள்கிறது.

இந்தக் கடைசி வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தசையின் பங்கில் கொஞ்சம் குறைத்தாலே களைப்பு வருவது நன்றாகத் தள்ளிப்போகும். எக்ஸோ உடைகள் நம்பியிருப்பது இதைத்தான்.

உடை செய்யும் வேலை

படத்தில் பார்க்கிற மாதிரி மனிதனை இயந்திரமாக்கும் இரும்புக் கவசங்களை மறந்துவிடலாம். அந்தக் கனவு பழையதுதான். ரஷ்யாவைச் சேர்ந்த நிக்கோலஸ் யாக்ன், நடக்கவும் ஓடவும் குதிக்கவும் உதவும் கருவி ஒன்றுக்கு 1890-இலேயே அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். 1960-களின் நடுவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 'ஹார்டிமேன்' என்ற ராட்சத உடையைக் கட்டத் தொடங்கியது. அதன் எடையே சுமார் 680 கிலோ. ஒரு கையை மட்டும்தான் ஓரளவு இயக்க முடிந்தது. முழுவதையும் ஒன்றாக இயக்கியபோது கட்டுக்கடங்காமல் உதறியது. திட்டம் 1971 வாக்கில் நின்றுபோனது.

இன்று தொழிற்சாலைகளிலும் கிடங்குகளிலும் அணியப்படுபவை வேறு ரகம். பெரும்பாலானவற்றில் மோட்டாரும் இல்லை, பேட்டரியும் இல்லை. பள்ளிப் பை மாதிரி தோளில் மாட்டி, இடுப்பில் ஒரு வார், தொடையில் இரண்டு பட்டைகள், நடுவில் ஸ்பிரிங் அல்லது ரப்பர் பட்டி. குனியும்போது நம் மேலுடம்பின் எடையே அந்த ஸ்பிரிங்கை விறைக்கவைக்கிறது. நிமிரும்போது அது தளர்ந்து, வாங்கிய ஆற்றலைத் திருப்பிக் கொடுக்கிறது. புதிதாக எந்த பலமும் வெளியிலிருந்து வருவதில்லை.

பிறகு எப்படி உதவுகிறது? மறுபடி கீல் கணக்குக்கு வாருங்கள். மார்பின் மீது ஒரு பட்டையை வைத்து, கணுவிலிருந்து 35 சென்டிமீட்டர் உயரத்தில், பின்னோக்கி 9 கிலோவுக்குச் சற்றுக் குறைவான விசையில் தள்ளினால் போதும். முதுகுத் தசை 5 சென்டிமீட்டரில் இழுக்கிறது என்றோமே, அதற்கு இது 60 கிலோ குறைப்பு. 450 கிலோ இழுத்த தசை இப்போது 390 இழுத்தால் போதும். வெறுங்கையோடு குனிந்து நிற்பவருக்கோ 200 என்பது 140 ஆகிவிடும். கையில் சுமை இல்லாமல் நெடுநேரம் குனிந்திருப்பவருக்குத்தான் விகிதத்தில் அதிகப் பலன் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஜப்பானில் டோக்கியோ அறிவியல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹிரோஷி கோபயாஷியின் ஆய்விலிருந்து பிறந்த 'மஸில் சூட்' என்ற உடை விவசாயிகளையும் முதியோர் பராமரிப்பாளர்களையும் தேடிப்போனதில் வியப்பில்லை. அதில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக, வலை சுற்றிய ரப்பர் குழாய்கள் இருக்கின்றன. கைப்பம்பால் காற்று அடித்தால் குழாய் பருத்து நீளம் குறையும். அந்தச் சுருக்கம் தசையின் சுருக்கத்தைப் போல இழுக்கும். அதற்கும் மின்சாரம் தேவையில்லை.

மோட்டார் வைத்தவையும் இருக்கின்றன. ஜப்பானின் சைபர்டைன் நிறுவனத்தின் 'ஹால்' உடை, தோலின் மேல் ஒட்டிய உணரிகள் மூலம் தசைக்கு நரம்பு அனுப்பும் மின் சைகையைப் படித்து, அதற்கேற்பத் துணை விசை கொடுக்கிறது. இவற்றுக்கு விலையும் எடையும் அதிகம், பேட்டரி சார்ஜ் போட வேண்டும். மருத்துவமனை, மறுவாழ்வுச் சிகிச்சை, பெரிய கிடங்குகள் தவிர மற்ற இடங்களில் எளிய ஸ்பிரிங் வகையே இன்னும் சில காலத்துக்கு நடைமுறைக்கு ஒத்துவரும் என்பது என் கணிப்பு.

தோளுக்கு வேறு உடை

கார் தொழிற்சாலையில் வண்டி தலைக்கு மேலே தொங்கிவரும். கீழே நிற்பவர் கையை உயர்த்தி போல்ட் முடுக்க வேண்டும். ஃபோர்டு நிறுவனமே சொன்ன கணக்குப்படி, இப்படிப்பட்ட சில வேலைகளில் ஒரு தொழிலாளி ஒரே நாளில் 4,600 முறை வரை கையைத் தலைக்கு மேல் தூக்குகிறார்.

இங்கேயும் வெறுங்கையே சுமைதான். ஒரு கையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ 5 சதவீதம். 70 கிலோ ஆளுக்கு மூன்றரை கிலோ. கையை முன்னால் நீட்டினால் அதன் மையம் தோளிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. இரண்டு கிலோ டிரில் ஒன்றை 60 சென்டிமீட்டரில் பிடித்தால் தோளுக்கு வரும் பாரமும், கையின் சொந்தப் பாரமும் கிட்டத்தட்ட சமம். போதாததற்கு, கை உயரும்போது தோள்பட்டை எலும்புக்கு அடியில் இருக்கும் குறுகிய சந்தில் தசைநாண் ஒன்று நெருக்குப்படுகிறது. சீலிங்குக்கு பெயின்ட் அடிப்பவர்கள், வயரிங் செய்பவர்கள் இரவில் அந்தத் தோள் பக்கம் படுக்க முடியாமல் தவிப்பது இதனால்தான்.

எக்ஸோ பயோனிக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து அமெரிக்காவின் மிச்சிகன் மாநில ஆலைகளில் சோதித்துப் பார்த்த ஃபோர்டு, 2018-இல் ஏழு நாடுகளிலுள்ள 15 ஆலைகளுக்கு 'எக்ஸோவெஸ்ட்' என்ற உடையைக் கொண்டுபோவதாக அறிவித்தது. நான்கு கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ள அந்த உடை, உயர்த்திய ஒவ்வொரு கைக்கும் அடியிலிருந்து இரண்டு முதல் ஏழு கிலோ வரை முட்டுக் கொடுக்கிறது. கையைக் கீழே இறக்கினால் அந்த முட்டு விலகிக்கொள்ளும். கையின் பாரம் தோளைத் தவிர்த்து, சட்டம் வழியாக இடுப்புக்கு இறங்குகிறது.

பாரம் காணாமல் போகவில்லை

இடுப்புக்கு இறங்குகிறது என்றேன். இந்த உடைகளைப் பற்றி யார் என்ன சொன்னாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: ஓரிடத்தில் குறைத்த பாரத்தை எங்கே கொண்டுபோய் வைத்தீர்கள்?

முதுகுக்கான உடையில் அது மார்பிலும் தொடையிலும் உட்கார்கிறது. ஒன்பது கிலோ அழுத்தம் ஒரு தடவைக்குப் பெரிதில்லை. நாள் முழுக்க மார்பெலும்பின் மேல் பட்டை அழுத்தினால் எரிச்சல் வரும். பெண்களுக்கு இது இன்னும் பெரிய சிக்கல். பல உடைகளின் மார்புப் பட்டை ஆண் உடலமைப்பை வைத்தே வடிவமைக்கப்பட்டது. நடவும் களையெடுப்பும் நம் ஊரில் பெரும்பாலும் பெண்களின் வேலை. அவர்கள் உடம்புக்குப் பொருந்தாத உடையை அவர்களிடம் நீட்டுவதில் அர்த்தமில்லை. தரையை நோக்கி நன்றாகக் குனிய, ஸ்பிரிங்கை எதிர்த்து வயிற்றுத் தசையால் அமுக்க வேண்டியிருப்பதும் உண்டு. சிலர் அந்த எதிர்ப்பால் முழங்காலை நிறுத்தும் விதத்தையே மாற்றிக்கொள்கிறார்கள், கால் தசைக்கு வேலை கூடுகிறது. படி ஏறும்போதும் உட்காரும்போதும் தொடைப் பட்டை இடிக்கும். ஓடும் இயந்திரத்துக்கு அருகே வார்கள் மாட்டிக்கொள்ளும் ஆபத்து தனி.

வெயிலைச் சொல்லாமல் விட முடியாது. குளிரூட்டிய கூடத்தில் நான்கு மணி நேரம் அணிந்து சோதித்த முடிவை, சித்திரை மாத வெயிலில் திறந்த வெளியில் உழைப்பவருக்கு அப்படியே பொருத்த முடியாது. முதுகையும் மார்பையும் மூடும் எந்தப் பட்டையும் வியர்வை ஆவியாவதைத் தடுக்கும். தசைக்களைப்பைக் குறைக்கப்போய் உடம்புச் சூட்டை ஏற்றினால் அது மோசமான பேரம்.

இன்னொன்றும் நம் ஊருக்கு முக்கியம். லாரியிலிருந்து மூட்டை இறக்கும் லோடுமேன் பெரும்பாலும் குனிவதில்லை. லாரியின் மேலே நிற்பவர் தள்ளிவிட, இவர் பிடரியிலோ முதுகிலோ வாங்கி நடக்கிறார். சித்தாள் சும்மாடு வைத்துத் தலையில் சுமக்கிறார். அங்கே எடை முதுகெலும்பின் வழியாக நேராகக் கீழே இறங்குகிறது, கழுத்தையும் முழங்காலையும் தாக்குகிறது. குனிந்து நிமிர உதவும் ஸ்பிரிங் உடைக்கு அந்த வேலையில் செய்வதற்கு அதிகம் இல்லை. தங்கள் கடைக்கு வாங்கலாமா என்று யோசிப்பவர்கள், ஆட்கள் உண்மையில் எப்படித் தூக்குகிறார்கள் என்பதை ஒரு நாள் முழுக்க நின்று பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

ஆய்வுகள் சொல்வது

தசை எவ்வளவு உழைக்கிறது என்பதைத் தோலின் மேல் மின்முனை ஒட்டி, தசையின் மின் சைகையை வைத்து அளப்பார்கள். நெதர்லாந்தின் டி.என்.ஓ. நிறுவன ஆய்வாளர்கள் அதுவரை வந்த சோதனைகளைத் தொகுத்து 2016-இல் வெளியிட்ட கட்டுரையில், மோட்டார் இல்லாத உடைகள் குனியும் வேலைகளில் முதுகுத் தசையின் செயல்பாட்டை 10 முதல் 40 சதவீதம் வரை குறைத்ததாகப் பதிவு செய்திருக்கிறார்கள். நாம் போட்ட கணக்கும் (450-இல் 60, 200-இல் 60) இதே எல்லைக்குள்தான் வருகிறது.

விளம்பரங்களில் இந்த 40 சதவீதம் மட்டும் பெரிய எழுத்தில் வரும். அது தசைச் சைகையில் குறைவு. காயத்தில் குறைவு என்று அதற்குப் பொருள் இல்லை. பெரும்பாலான சோதனைகள் ஆய்வுக்கூடத்தில், இளைஞர்களை வைத்து, சில மணி நேரம் நடந்தவை. பத்து வருடம் அணிந்தவர்களுக்கு டிஸ்க் விலகுவது குறைந்ததா என்று காட்ட அவை போதாது.

இந்த எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. இடுப்பு பெல்ட்டின் கதை இப்படித்தான் நடந்தது. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் அகலமான பெல்ட்டைக் கட்டிக்கொண்டால் முதுகு தப்பிக்கும் என்று 1980-களிலும் 90-களிலும் அமெரிக்க நிறுவனங்கள் ஊழியர்களுக்கு வாரி வழங்கின. நியோஷ் 30 மாநிலங்களில் 160 கடைகளில் சரக்கு கையாளும் 9,377 பேரைப் பின்தொடர்ந்து, 2000-இல் முடிவை வெளியிட்டது. தினமும் பெல்ட் கட்டியவர்களுக்கும் கட்டாதவர்களுக்கும் முதுகுக் காயத்திலோ முதுகுவலியிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எக்ஸோ உடை பெல்ட்டைப் போன்றதல்ல, தசையின் பங்கை அது உண்மையிலேயே வாங்கிக்கொள்கிறது. ஆனாலும் அதே அளவு பொறுமையான ஆய்வு இதற்கும் தேவை.

வாங்குவதற்கு முன்

உடையைத் தேடுவதற்கு முன் வேலையின் உயரத்தையும் தூரத்தையும் மாற்ற முடியுமா என்று பாருங்கள். மூட்டையைத் தரையில் அடுக்காமல் முட்டி உயர மேடையில் அடுக்கினாலே குனிவது பாதியாகும். தள்ளுவண்டி, உருளைப் பாதை, 50 கிலோவுக்குப் பதில் 25 கிலோ பை என்பவற்றுக்கெல்லாம் வியர்வை நாற்றமும் இல்லை, அளவுப் பொருத்தமும் தேவையில்லை. அவை முடியாத இடத்துக்குத்தான் உடை: அறுவைக் கூடம், நோயாளியின் படுக்கை, வயல், நெருக்கமான விமானச் சரக்கறை.

அப்படியும் உங்கள் வேலையிடத்தில் இதைக் கொடுத்தால், முதல் நாளே எட்டு மணி நேரம் அணியாதீர்கள். அரை மணி, ஒரு மணி என்று ஏற்றுங்கள். பட்டை அழுத்திய இடத்தில் தோல் சிவக்கிறதா, மரத்துப் போகிறதா என்று பாருங்கள். இடுப்பு வார் இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். வயிற்றில் உட்கார்ந்தால் அளவு தவறு. ஒரே உடையை ஷிஃப்ட் மாற்றி நாலு பேர் போடும் ஏற்பாடு வேண்டாம், குறைந்தபட்சம் தோலில் படும் பட்டைகளாவது ஆளுக்குத் தனியாக இருக்க வேண்டும். சிரமமாக இருந்தால் கழற்றிவைக்கும் உரிமை அணிபவருக்கு இருக்க வேண்டும். நிர்வாகத்திடம் சங்கமோ குழுவோ எழுத்தில் கேட்டு வாங்க வேண்டிய உறுதி ஒன்று உண்டு: உடை வந்துவிட்டது என்பதற்காக ஒரு நாளைக்குத் தூக்க வேண்டிய எண்ணிக்கை கூடாது. தசைக்கு மிச்சமான அந்த 60 கிலோ கூடுதல் மூட்டைகளாகத் திரும்பி வந்தால், உழைப்பவருக்குக் கிடைத்தது மார்பில் ஒரு பட்டை மட்டும்தான்.

ஏற்கெனவே வலி இருப்பவர்கள் இந்த உடையை மருந்தாக எண்ணிப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடரக் கூடாது. இடுப்பிலிருந்து காலுக்கு மின்னல் மாதிரி இறங்கும் வலி, பாதம் மரத்துப்போவது, கால் விரலைத் தூக்க முடியாமல் போவது இவை நரம்பு அழுந்துவதன் அறிகுறிகள்; டாக்டரைப் பார்க்க வேண்டும். தொடையிடுக்கில் உணர்ச்சி குறைந்தாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்த நரம்புகளைக் காப்பாற்ற மணிக்கணக்கில்தான் நேரம் இருக்கும்.